'ஓ' என்னும் ஊர் வரையில்

நம் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன் வரையில், இளைத்த குழந்தைகளுக்கெல்லாம் ஒரே மருந்துதான் தெரியும். அது அலமாரியின் மேல் தட்டில் வீற்றிருக்கும் மீனெண்ணெய்ச் சீசா. சீசாவின் மேல் ஒட்டிய காகிதத்தில், தன் உயரத்துக்குச் சரியான ஒரு பெரிய மீனை முதுகில் சுமந்துகொண்டு ஒரு மனிதன் நிற்பான். மாமிசம் என்ற பேச்சையே எடுக்காத வீடுகளில் கூட, 'மருந்துக்குத் தோஷமில்லை' என்ற சாஸ்திரத்தின் பேரில் அந்த எண்ணெய் குழந்தைகளின் தொண்டைக்குள் இறங்கியதுண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை விழுங்கியவர்களில், அந்த மீன் எந்தக் கடலில் திரிந்தது என்று யோசித்தவர்கள் எத்தனை பேரோ!

அந்த மீனுக்குக் 'காட்' என்று பெயர். அது கூட்டம் கூட்டமாக வந்து குஞ்சு பொரிக்கும் பிரசவ ஸ்தலம் ஒன்று உலகத்தின் வடகோடியில் இருக்கிறது. நார்வே தேசத்தின் மேற்குக் கரையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து கடலில் நின்றது போல் காணப்படும் லோஃபோட்டன் தீவுக் கூட்டமே அது. ஏப்ரல் மாதத்தின் ஆரம்பத்தில் நானும் என் மனைவியும் ஒரு வாடகை மோட்டாரை எடுத்துக்கொண்டு அந்தத் தீவுகளின் நெடுகப் பிரயாணம் செய்தோம். இருவரும் சைவ உணவுக்காரர்கள். மீன் ராஜ்யத்தில் நமக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். திருப்பதிக்குப் போகிறவர்கள் எல்லோரும் மொட்டை அடித்துக்கொள்ளத்தான் போகிறார்களா?

லோஃபோட்டன் இருப்பது 68-ஆவது அட்சரேகையில். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே. இதே அட்சரேகையில் கிரீன்லாந்திலும் கனடாவிலும் கடல் மாதக்கணக்காகக் கெட்டியாக உறைந்து கிடக்கும். இங்கேயோ ஜனவரியில் கூடத் துறைமுகம் உறைவதில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தில் தெற்கேயிருந்து புறப்பட்டு வரும் உஷ்ண நீரோட்டம் இந்தக் கரையைத் தடவிக்கொண்டு போவதுதான் காரணம். மாரிக்காலத்தில் குளிர் பூஜ்ய டிகிரியை ஒட்டி ஊசலாடிக்கொண்டிருக்கும். இந்தப் பூஜ்யத்தை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இந்தத் தீவுகளின் ஐசுவரியம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

ரஸ்தாவுக்கு 'ஈ-10' என்று பெயர். ஸ்வீடன் தேசத்தின் லூலியோ நகரில் தொடங்கிச் சுமார் 850 கிலோமீட்டர் ஓடி, இந்தத் தீவுகளின் கடைசிக் கிராமத்தில் முடிகிறது. நாங்கள் போனது ஸ்வோல்வேர் என்னும் பட்டணத்திலிருந்து கடைசிக் கிராமம் வரையிலான சுமார் 130 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 130 கிலோமீட்டருக்காக இந்தத் தேசத்தார் செய்திருக்கும் காரியத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. தீவுக்குத் தீவு பாலம். பாலம் போடமுடியாத இடத்தில் கடலுக்கு அடியில் சுரங்கம். ஜிம்சோய் நீரிணையின் மேல் 1981-ல் பாலம் கட்டினார்கள். நாப் நீரிணையின் கீழே 1990-ல் ஏறக்குறைய 1,800 மீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்தார்கள். 2007-ல் கடைசி இடைவெளியும் நீங்கி, படகில் ஏறாமலே பெருநிலத்திலிருந்து வந்து சேரும்படி ஆயிற்று. இவ்வளவும் சுமார் 25,000 பேர் வசிக்கும் தீவுகளுக்காக! நானூறு வருஷத்துக்கு மேல் டென்மார்க்குடன் பிணைக்கப்பட்டு, 1814-ல் ஸ்வீடனின் கைக்கு மாறி, 1905-ல்தான் முழுச் சுதந்திரம் பெற்ற தேசம் இது. கோடியில் கிடக்கும் மீனவனும் தன் பிரஜையே என்று நினைக்கிற ராஜாங்கத்தால்தான் இப்படிச் செலவு செய்யமுடியும்.

ஸ்வோல்வேர் பட்டணத்தின் தலைக்கு மேலே ஒரு விசித்திரமான பாறை செங்குத்தாக நிற்கிறது. அதன் உச்சியில் ஆட்டுக்கு இருப்பது போல் இரண்டு கொம்புகள் உண்டு. ஆகையால் அதற்கு 'ஸ்வோல்வேர் ஆடு' என்றே பெயர். மலை ஏறும் வீரர்கள் ஒரு கொம்பிலிருந்து மற்றக் கொம்புக்குத் தாவுகிறார்கள். கீழே நேர் எதிரில் ஊர் மயானம் இருப்பதால், தவறினாலும் அதிகச் சிரமம் இல்லை என்று ஊரார் வேடிக்கை பேசுகிறார்கள். இந்த ஆட்டின் மேல் முதன் முதலில், 1910-ல், ஏறிய மூவரில் ஒருவர் ரூபென்ஸன் என்பவர். அவரே 1907-ல் நம் இமயமலைக்கு வந்து கப்ரூ சிகரத்தின் உச்சிக்கு வெகு சமீபம் வரையில் போய்த் திரும்பியவர். கப்ரூவைப் பார்த்த கண்ணுக்கு இந்த ஆடு ஓர் ஆட்டுக்குட்டியாகத் தோன்றியிருக்கவேண்டும்!

பட்டணத்தை விட்டுச் சில நிமிஷத்தில் காபெல்வோக் வந்துவிடுகிறது. கிராமத்துக்குச் சற்றும் பொருந்தாதபடி, மரத்தாலேயே கட்டிய பிரம்மாண்டமான ஒரு மாதாகோவில். 1898-ல் கட்டியது, 1,200 பேர் உட்காரலாம். இத்தனை ஆசனம் யாருக்கு? உள்ளூராருக்கு அல்ல. மீன் காலத்தில் வெளியிலிருந்து வந்து குவியும் செம்படவர்களுக்கு. 1120-ஆம் வருஷத்தை ஒட்டியே ஐஸ்டைன் என்னும் அரசன் இந்தப் பக்கத்தில் மீனவர்கள் தங்குவதற்குக் குடிசைகள் கட்டிக்கொடுத்தானாம். அவனுக்கு இங்கே ஒரு சிலையும் இருக்கிறது. யுத்தத்தில் பேர் வாங்கிய ராஜாக்களின் சிலையை எங்கும் பார்க்கிறோம்; குடிசை கட்டிக்கொடுத்ததற்காகச் சிலை பெற்றவர்கள் அதிகம் பேர் இல்லை.

மீன் வரும் கதை இது: நார்வேக்கும் வடக்கே பாரென்ட்ஸ் கடலில் வளரும் காட் மீன்கள், ஜனவரி மாதம் பிறந்ததும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. பல நூறு மைல் நீந்தி, இந்தத் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள விரிகுடாவுக்கு வந்து முட்டையிடுகின்றன. ஒரு பெரிய பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஏப்ரல் முடிவதற்குள் திரும்பிவிடுகின்றன. இப்படி யாத்திரை வரும் மீனுக்கு 'ஸ்க்ரை' என்று தனிப் பெயர். அலைந்து திரிபவன் என்று பொருள் சொல்கிறார்கள்.

அந்த மீனைத் தேடி மனிதர்களும் யாத்திரை வந்தார்கள். 1895-ஆம் வருஷத்து மீன் காலத்தில் 30,000-க்கு மேற்பட்டவர்கள் இங்கே வந்திருந்தார்கள். பெரும்பாலும் மூடாத படகுகள். துடுப்பும் பாயும்தான் துணை. மாதமோ ஜனவரி, சூரியன் முகம் காட்டுவதே அபூர்வம். படகு கவிழ்ந்தால், வழுக்கும் அடிமரத்தைப் பற்றிக்கொள்வதற்காக இடுப்புக் கத்தியை அதில் குத்திப் பிடித்துக்கொண்டு தொங்குவார்களாம். ஆள் போய்விடுவான், கத்தி நிற்கும். கரை ஒதுங்கிய படகில் குத்தியிருந்த கத்தியைப் பார்த்து, செத்தவன் இன்னான் என்று வீட்டார் அடையாளம் கண்டுகொண்டதுண்டு என்கிறார்கள்.

கடலுக்குத் தப்பிப் பிழைத்தவனுக்குக் கரையிலும் ஒரு ஆபத்து காத்துக்கொண்டிருந்தது. கிராமம் முழுவதும் ஒரு முதலாளியின் சொத்து. படகுத்துறை அவனுடையது, மீனவன் படுக்கும் 'ரோர்பூ' என்ற மரக்குடிசை அவனுடையது, மாவும் காப்பியும் கயிறும் விற்கும் கடை அவனுடையது, மீனை வாங்குகிறவனும் அவனே. விலையை யார் சொல்வது? அவன்தான். கணக்கை யார் எழுதுவது? அதுவும் அவன்தான். வருஷ முடிவில் கணக்குப் பார்த்தால் மீனவன் பேரில் பாக்கி நிற்கும். நம் மிராசுதார்களையும் லேவாதேவிக்காரர்களையும் அறிந்த நேயர்களுக்கு இதற்கு மேல் விஸ்தரிக்கவேண்டியதில்லை.

இந்தக் கட்டு எப்படி அவிழ்ந்தது என்பதுதான் இந்தப் பிரயாணத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம். முதலில், 1857-ல், கடல் ஒருவருக்கும் தனிச் சொத்தல்ல, மீன் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் பொது என்று சட்டம் ஏற்பட்டது. (நம் நாட்டில் அதே வருஷம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.) பிறகு 1890-ல் ட்ரோல்ஃபியோர்டுச் சண்டை. ட்ரோல்ஃபியோர்டு என்பது செங்குத்தான மலைகளுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய கடற்கால். அதற்குள் ஏராளமான மீன் புகுந்துவிட்டது. நீராவிக் கப்பல்காரர்கள் சிலர் முன்னே வந்து, வாயிலில் பெருவலையைக் கட்டி மறித்து, உள்ளே இருப்பதெல்லாம் தங்களுடையது என்று சொன்னார்கள். துடுப்புப் படகுக்காரர்கள் கூட்டமாகத் திரண்டுவந்து மோதினார்கள். நீராவிக்காரர்கள் வெந்நீரைப் பீச்சி அடித்தார்களாம். கடைசியில் சிறிய படகுகள் உள்ளே புகுந்தே விட்டன. ஸ்வோல்வேரில் பிறந்து முப்பதாவது வயதில் மாண்டுபோன குன்னார் பெர்க் என்ற சித்திரக்காரர் அந்தச் சண்டையைப் பெரிய படமாக எழுதியிருக்கிறார். பனி, பாறை, கறுத்த நீர், ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் நூற்றுக்கணக்கான படகுகள். ஸ்வோல்வேருக்குப் போகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்க்காமல் வரக்கூடாது.

சண்டையின் பலனாகப் பெருவலைக்குத் தடை வந்தது. 1897-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த இடத்தில் வலை, எந்த இடத்தில் தூண்டில், காலையில் எத்தனை மணிக்குப் படகு புறப்படலாம் என்பதையெல்லாம் மீனவர்களே தேர்ந்தெடுத்த கமிட்டிகள் தீர்மானிக்கும்படி செய்தது. விடியற்காலையில் கொடி ஏறவேண்டும்; அதற்கு முன் பணக்காரனும் புறப்படக்கூடாது, ஏழையும் புறப்படக்கூடாது. எல்லாவற்றுக்கும் சிகரமாக 1938-ல் பச்சை மீன் சட்டம் வந்தது. கரைக்கு வரும் மீனை முதல் கையில் விற்கும் உரிமை மீனவர்களின் சொந்தச் சங்கத்துக்கே உண்டு. சங்கம் குறிக்கும் அடிவிலைக்குக் கீழே யாரும் வாங்கக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். தலைமுறை தலைமுறையாக வந்த முதலாளியின் ராஜ்யம் அதனால் ஆட்டம் கண்டுவிட்டது. சட்டத்தின் பெயரும் விவரங்களும் பிற்பாடு மாறியிருந்தாலும், அந்த உரிமை இன்றும் இருக்கிறது.

இங்கே நம்மைப் பற்றிய ஒரு சங்கதியும் சொல்லவேண்டும். 1952-ல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தப்படி, கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் நார்வேக்காரர்கள் வந்து மீன்பிடித் தொழிலைச் சீர்திருத்த முனைந்தார்கள். இயந்திரப் படகும், பனிக்கட்டி செய்யும் சாலையும், ஆஸ்பத்திரியும், குடிதண்ணீரும் வந்தன. நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான். ஆனால் 1938-ஆம் வருஷத்துச் சட்டம் மட்டும் அவற்றோடு கப்பல் ஏறவில்லை! ஆகவே, இறால் ஏற்றுமதியில் பணம் கொழிக்கத் தொடங்கியதும், வெளியிலிருந்து முதல் போட்டவர்களின் கையே ஓங்கிற்று. இயந்திரத்தை இரவல் வாங்குவது சுலபம். விலை சொல்லும் உரிமையை இரவல் வாங்கமுடியாது போலிருக்கிறது.

*

பெரிய ரஸ்தாவை விட்டு இடது பக்கம் திரும்பி, பாறைத் தீவுகளைத் தாண்டிப் பாலங்களின் வழியே போனால் ஹென்னிங்ஸ்வேர். ஊர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஊரைத் தாண்டியதும் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்" என்றாள். ஊரைத் தாண்ட வழியே இல்லை; அதற்கு அப்பால் கடல்தான். அரை மணி நேரத்தில் முந்தானை தானாகவே கீழே இறங்கிவிட்டது. மனித மூக்கு மிகவும் அனுசரணையானது.

எங்கே பார்த்தாலும் மரக்கழிகளால் கட்டிய பரண்கள். ஒவ்வொன்றும் வீட்டுக் கூரையை விட உயரம். தலையை வெட்டி, குடலை எடுத்து, இரண்டிரண்டு மீனாக வாலில் முடிந்து, அந்தக் கழிகளின் மேல் தொங்கப்போட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் அல்ல, லட்சக்கணக்கில்! ஊர்ப் பிள்ளைகளின் கால்பந்து மைதானத்தைச் சுற்றிலும் கூட மீன்தான் வேடிக்கை பார்க்கிறது.

நம் ஊர்க் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இதற்கு இரண்டும் வேண்டாம். பூஜ்ய டிகிரியை நினைவில் வைத்துக்கொள்ளும்படி சொன்னேன் அல்லவா? அதற்கு வெகுவாகக் கீழே போனால் மீன் உறைந்து சதை பிளந்துவிடும். வெகுவாக மேலே போனால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். பிப்ரவரியிலிருந்து மே வரையில் இந்தத் தீவுகளில் குளிர் அந்த இரண்டுக்கும் நடுவே கயிற்றின் மேல் நடப்பவனைப் போல் நடக்கிறது. கூடவே கடற்காற்றும் வீசுகிறது. ஆகவே வெறும் காற்றிலேயே மீன் உலர்ந்து, எடையில் ஐந்தில் நாலு பங்கு போய், விறகுக் கட்டை போல் ஆகிவிடுகிறது. பிறகு வருஷக்கணக்கில் கெடாது. அன்று கப்பலில் போனவர்கள் இதைத் தின்றே சமுத்திரங்களைத் தாண்டினார்கள்.

ஒரு கிடங்குக்குள் போனோம். அங்கே ஒரு வயோதிகர், உலர்ந்த மீனை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தட்டி, முகர்ந்து, ரகம் பிரித்துக்கொண்டிருந்தார். சுமார் இருபது ரகங்கள் உண்டாம். இத்தாலியில் ஒவ்வொரு பிரதேசத்தாருக்கு ஒவ்வொரு ரகத்தின் மேல் பிரியமாம். "இதை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். "பல வருஷம் தப்பாகப் பிரித்துத் திட்டு வாங்கவேண்டும்" என்றார். நம் ஊர் நெல் மண்டியிலும் புகையிலைக் கிடங்கிலும் இப்படிப்பட்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்தாலிய சம்பந்தத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. பியெட்ரோ குவெரீனி என்ற வெனிஸ் நகரத்துக் கப்பல் தலைவன், புயலில் கப்பலை இழந்து, 1432 ஜனவரியில் தன் சகாக்களில் எஞ்சிய சிலரோடு இந்தத் தீவுக்கூட்டத்தின் தென்கோடியிலுள்ள ரோஸ்டில் கரை ஒதுங்கினான். அங்கிருந்த செம்படவர்கள் மாதக்கணக்கில் அவர்களை வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். வெனிஸுக்குத் திரும்பிய குவெரீனி, இந்த உலர்ந்த மீனைப் பற்றியும் அந்த மனிதர்களைப் பற்றியும் எழுதிவைத்தான். இன்று இந்த மீனுக்கு முதல் வாடிக்கைக்காரர்கள் இத்தாலியர்களே. வெட்டிய தலைகள் கூட வீண் போவதில்லை. அவை உலர்ந்து ஆப்பிரிக்காவில் நைஜீரியாவுக்குப் போகின்றன. 1967 முதல் 1970 வரை அங்கே பயாஃப்ரா யுத்தம் நடந்தபோது, பட்டினி கிடந்தவர்களுக்கு நிவாரணமாக இந்த மீன் போயிற்று. யுத்தம் முடிந்த பின்னும் குழம்பில் அதன் ருசி நிலைத்துவிட்டது.

கிடங்கின் மூலையில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ரப்பர் அங்கி போட்டுக்கொண்டு, வெட்டிய மீன் தலைகளை ஓர் இரும்பு முள்ளில் குத்தி, ஒரே வீச்சில் நாக்கை அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மீன் நாக்கு இங்கே விசேஷப் பண்டம். அதை அறுக்கும் வேலை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கே உரியது. விற்ற பணமும் அவர்களுக்கே. பள்ளிக்கூடம் விட்டதும் வந்துவிடுவானாம். என் மனைவிக்கு மனம் கேட்கவில்லை. "ஏனப்பா, இந்தப் பணத்தை வீட்டில் கொடுப்பாயா?" என்று கேட்டாள். பையன் நல்ல இங்கிலீஷில், "வீட்டுக்கு எதற்கு? நான் படகு வாங்கச் சேர்த்துவைக்கிறேன்" என்றான். "எவ்வளவு சேர்ந்திருக்கிறது?" என்றதற்கு, "அது வியாபார ரகசியம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தலையை எடுத்தான்.

அந்தப் படகு அவனுக்குக் கிடைக்குமா என்பதுதான் இப்போது கேள்வி. கடலில் எத்தனை டன் காட் பிடிக்கலாம் என்பதை நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து வருஷாவருஷம் நிர்ணயிக்கின்றன. மீன் குறைந்துவருவதால் 2025-ஆம் வருஷத்துக்கு 3,40,000 டன் என்று வைத்தார்கள். 1991-க்குப் பிறகு அதுவரையில் அவ்வளவு குறைவாக வைத்ததில்லை. கடல் சூடேறுவதால் மீன் முட்டையிடும் இடம் வடக்கே நகர்ந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. மீன் பிடிக்கும் உரிமைச் சீட்டு விலை ஏறிக்கொண்டே போகிறது. நாக்கு விற்ற காசு எந்த மூலைக்கு?

*

போர்க் என்ற இடத்தில், 1981-ல் ஒரு விவசாயி உழும்போது அகப்பட்ட பழம்பொருள்களைத் தொடர்ந்து தோண்டிப் பார்த்து, வைக்கிங் காலத்துத் தலைவன் ஒருவனுடைய 83 மீட்டர் நீள வீட்டைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் அதே போல் ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்கலாம். லெக்னெஸ் என்ற ஊரில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஸ்டாம்சுந்த் அப்படியல்ல. 1940-ல் ஜெர்மானியர்கள் நார்வேயைப் பிடித்ததும், இந்தத் தீவுகளின் மீனெண்ணெய் அவர்களுக்கு வெடிமருந்துச் சரக்காகிவிட்டது. அதிலிருந்து கிளிஸரின் எடுக்கலாம் அல்லவா? 1941 மார்ச் 4-ஆம் தேதி பிரிட்டிஷ் வீரர்களும் நார்வே வீரர்களும் ஸ்டாம்சுந்திலும் ஹென்னிங்ஸ்வேரிலும் ஸ்வோல்வேரிலும் ப்ரெட்டெஸ்னெஸிலும் இறங்கி, எண்ணெய்ச் சாலைகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். கைப்பற்றிய படகு ஒன்றில் ஜெர்மானியரின் ரகசிய எழுத்து இயந்திரத்தின் உறுப்புகளும் அகப்பட்டன. உள்ளூர் வாலிபர்கள் முந்நூறு பேருக்கு மேல், சுதந்திரப் போரில் சேருவதற்காக அந்தக் கப்பல்களிலேயே ஏறிப் போய்விட்டார்கள். சரித்திரப் புத்தகங்களில் இது பெரிய வெற்றி. கப்பல் போன பிறகு ஊரில் மிஞ்சியவர்களின் வீடுகளுக்கு ஜெர்மானியர் தீ வைத்ததும், பலரைப் பிடித்துக்கொண்டு போனதும் சிறிய எழுத்தில் இருக்கும்.

கடலடிச் சுரங்கத்தைத் தாண்டியதும் தேசமே மாறிவிட்டது போல் தோன்றுகிறது. மலைகள் கடலிலிருந்து நேராகக் கிளம்பி நிற்கின்றன; நடுவில் ரஸ்தாவுக்கு மட்டும் ஏதோ தயவு பண்ணி இடம் விட்டிருக்கின்றன. ராம்பெர்க்கில் வெள்ளை வெளேரென்று மணல். நீரின் நிறமோ நம் தென்கடலைப் போல் பச்சையும் நீலமும். "இறங்கிக் குளிக்கலாமா?" என்று தோன்றும். காலை வைத்துப் பார்த்தேன். வேண்டாம்.

ரெய்னெ என்ற ஊரைப் படத்தில் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். கண்ணாடி போன்ற கடல், அதில் தலைகீழாகத் தெரியும் பனி மலை, கரையோரம் தூண்களின் மேல் நிற்கும் சிவப்புக் குடிசைகள். ஒரு காலத்தில் ஒரே படுக்கையில் இரண்டு மீனவர்கள் முடங்கிக்கொண்ட அந்த ரோர்பூக்கள் இன்று உல்லாசப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. ஓர் இரவு வாடகையைக் கேட்டு என் மனைவி, ரூபாயில்தானே சொல்கிறார்கள் என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டாள், ரூபாயில் இல்லை. கோடைகாலத்தில் நடுநிசியிலும் சூரியன் அஸ்தமிக்காததைப் பார்க்க வருகிறவர்களின் வண்டிகளால் இந்த ஒடுங்கிய ரஸ்தா அடைபட்டுவிடுகிறதாம். தங்களுடைய ஊரில் தாங்களே வீடு வாங்கமுடியாமல் போகிறது என்று இளைஞர்கள் முறையிடுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு, வாடகைக்கு எடுத்த வண்டியில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த ஜனங்களை மெச்சாமல் இருக்கமுடியாது. இந்தக் கடலுக்கு அடியில் மண்ணெண்ணெய் இருக்கிறது என்கிறார்கள். நார்வே, எண்ணெயால் குபேர சம்பத்து அடைந்த தேசம். இருந்தும், மீன் பிரசவிக்கும் இடத்தில் துளை போடக்கூடாது என்று மீனவர்களும் இளைஞர்களும் வருஷக்கணக்காகப் போராடினார்கள். 2019-ல் அந்த நாட்டுத் தொழிற்கட்சியும், எண்ணெய்க் கிணறுகளுக்கான பூர்வாங்க ஆராய்ச்சிக்கு அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. கிணறு தோண்டவில்லை. மறுபடியும் கேட்கமாட்டார்கள் என்று யாரும் ஜாமீன் கொடுக்கவில்லை.

ரஸ்தா முடியும் கிராமத்தின் பெயர் ஒரே எழுத்து. நார்வே நெடுங்கணக்கின் கடைசி எழுத்து அது. ஏறக்குறைய நம் 'ஓ' போல் உச்சரிக்கவேண்டும். அவர்கள் பழைய பாஷையில் 'ஓடை' என்று பொருளாம். நமக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சௌகரியமாக இருக்கிறது. ஒரு சிறு சுரங்கம். அதற்கு அப்பால் வண்டிகள் நிற்கும் ஒரு திடல். ஐரோப்பாவின் பெரிய ரஸ்தா அங்கே ஒரு விதமான ஆடம்பரமும் இல்லாமல் முடிந்துபோகிறது. ஊரில் உலர்ந்த மீனுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது. வீட்டுச் சுவர்களின் விளிம்பில் கடற்பறவைகள் கூடு கட்டிக்கொண்டு காது செவிடுபடக் கத்துகின்றன. 1844-ல் கட்டிய ரொட்டிக் கடை ஒன்றும் உண்டு. அங்கே இலவங்கப்பட்டை போட்ட ரொட்டி அடுப்பிலிருந்து சுடச்சுட வருகிறது. பிரயாணம் முழுவதும் உருளைக்கிழங்கையும் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியையுமே நம்பியிருந்த எங்களுக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. மூன்று சாப்பிட்டேன்; என் மனைவி நாலு என்கிறாள்.

திடலிலிருந்து ஒரு காலடிப் பாதையில் நடந்துபோனால், தெற்கே கடலில் வேரோய் தீவு நீலமாகத் தெரிகிறது. நடுவிலுள்ள நீர்தான் 'மாஸ்கெஸ்ட்ரோம்' என்னும் பெயர்பெற்ற நீர்ச்சுழல். எட்கார் ஆலன் போ 1841-ல் இதை வைத்து ஒரு பயங்கரக் கதை எழுதினார். ஜூல்ஸ் வெர்னும் தம்முடைய நீர்மூழ்கிக் கப்பலைக் கடைசியில் இதில்தான் கொண்டுவந்து சிக்கவைத்தார். கதையில் வருவது போல் அது கப்பல்களைப் பாதாளத்துக்கு இழுப்பதில்லை. கடல் ஏறும்போதும் வடியும்போதும் ஆழமில்லாத அந்த வாயில் வழியே நீர் நெருக்கியடித்துக்கொண்டு பாய்வதால் சுழல்கள் உண்டாகின்றன. நாங்கள் பார்த்தபோது அதன் மேலேயே மூன்று மீன் படகுகள் நின்றுகொண்டிருந்தன. நீர் கலங்கும் இடத்தில் இரை உண்டு; இரை உள்ள இடத்தில் மீன் உண்டு.

திரும்பிப் போக வேறு வழியும் இருக்கிறது. 'ஓ'வுக்குச் சமீபத்தில் மாஸ்கெனெஸ் துறையில் மோட்டாரோடு கப்பலில் ஏறினால், மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். பெருநிலத்தில் பூடே பட்டணத்தில் இறக்கிவிடுகிறார்கள். எங்கள் வண்டியை ஏற்றுகிற வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய லாரி நின்றது. பின்கதவின் இடுக்கிலிருந்து வந்த வாசனையைக் கொண்டே அதில் என்ன இருக்கிறது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். ஓட்டுகிறவரிடம் எங்கே போகிறது என்று விசாரித்தோம். இத்தாலிக்கு என்றார்.